சுருளித் தீர்த்தமும் என் திருவாயும்

மலையையும் ஆற்றையும் பார்த்தால் மனம் அமைதியடையும் என்று எழுதுகிறவர்கள், அப்போது பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் எழுதுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மொத்தமும் வரிசை கட்டி வந்து நின்றாலும், பொறாமை பிடித்த ஒருத்தியை அமைதிப்படுத்த முடியாது. என் விஷயத்தில் அந்த மலை ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்துத் தோற்றது.

(யார்மேல் பொறாமை என்றால், என் அண்ணன் மனைவி மேல். இதை மதினி படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.)

எங்கள் ஊர் பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். எங்களுக்கு முன்னால் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அதற்கு வெள்ளையடிக்கப் போனவர்கள் மட்டும்தான். அண்ணன் முருகன் அஞ்சாவதில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஓடியவன் ஓடியவன்தான்; கடைசியில் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டுகிற இடத்தில் போய் நின்றான். நான் மட்டும் ஓடாமல் உட்கார்ந்து படித்து, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. புவியியல் முடித்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் செல்வி இல்லை, ‘படிச்ச புள்ள’. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என்னிடம்தான் வரும். டி.வி.யில் படம் தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புவியியலுக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்புவேன். திசை என்பது புவியியல்தானே. படம் தெரிந்தால் “படிச்ச புள்ளன்னா சும்மாவா” என்பார் அப்பா. தெரியாவிட்டால் அது டி.வி.யின் குற்றம்.

இப்படி நான் ஒரே ராணியாக ஆண்டுகொண்டிருந்த நாட்டுக்குள், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ஹேமலதா வந்து சேர்ந்தாள்.

அண்ணன் வேலை பார்த்த அதே கம்பெனியில் அவள் கணக்கு எழுதினாள். தல்லாகுளத்துப் பெண். அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அழுகை, எங்கள் வீட்டில் சத்தம், கொஞ்ச நாள் எல்லாம் நடந்தது. கடைசியில் எங்கள் வீட்டுச் சத்தத்தை நிறுத்தியது ஒரே ஒரு செய்தி: பெண் பி.காம். படித்திருக்கிறாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “படிச்ச பொண்ணா? அப்பச் சரி” என்று முடித்துவிட்டார். அந்த ‘சரி’யைக் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பப் பெயர்களுக்குள் முதன்முதலாக ஒரு ‘ஹ’ நுழைந்தது. அம்மாவுக்கு அது வாயில் நுழையாமல் ‘ஏமலதா’ என்றே கூப்பிட்டாள். ஆனாலும் பக்கத்து வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். செல்வி என்று சொல்லும்போது அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. போதாததற்கு அவளிடம் தோளில் மாட்டும் பை இருந்தது. மணி பார்ப்பதற்கு இல்லாமல் அழகுக்காகவே கட்டிக்கொள்கிற மெல்லிய கைக்கடிகாரம் இருந்தது. “ஸீனரி” என்ற சொல் இருந்தது. வந்த மாதத்திலேயே டி.வி. மறுபடி மங்கியது. நான் கூரைக்கு ஏணி போடுவதற்குள் அவள் பின்னாலிருந்த வயரை அழுத்திச் சொருகினாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. “படிச்ச மருமகள்னா சும்மாவா” என்றார் அப்பா. நான் ஏணியோடு முற்றத்தில் நின்றேன்.

அந்தப் புரட்டாசியில்தான் இது நடந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சுருளி அருவியிலிருந்து தீர்த்தம் எடுத்துவர வேண்டும். அது எங்கள் குடும்பத்தின் உரிமை. குடத்தை எடுக்கிற பெண், அதை அம்மன் தலையில் ஊற்றுகிறவரை இரண்டு காரியம் செய்யக்கூடாது. ஒன்று, குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது. இன்னொன்று, பேசக்கூடாது. பேசிவிட்டால் அது தீர்த்தம் இல்லை, வெறும் தண்ணீர். கொட்டிவிட்டுத் திரும்பிப்போய் மறுபடி மொண்டு வர வேண்டும். நடந்து போன காலத்திலிருந்து வருகிற சட்டம். இப்போது வேன் பிடித்துப் போகிறோம், சட்டம் மட்டும் நடந்தே வருகிறது.

பல வருஷமாகக் குடம் எடுத்தவர் அப்பாவின் அக்கா சின்னத்தாய் அத்தை. அந்த வருஷம் அவருக்கு மூட்டு வலி வந்து, யார் எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. எனக்கு அதில் கேள்வியே இல்லை. ஊர் எல்லையில் கொட்டு அடித்து, குலவை போட்டு, குடம் சுமக்கிறவளை ஊரே கூடி அழைத்துப் போகும். சின்ன வயசிலிருந்து அந்த இடத்தில் என்னை வைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

விடியுமுன் வேன் கிளம்பியது. அப்பா, அம்மா, அத்தை, அண்ணன், மதினி, நான். எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மூன்று வருஷம் நான் படித்த படிப்பு முழுவதும் அந்த வழியில்தான் கிடக்கிறது. முல்லையாறு, மேகமலை, வைகை, கணவாய்! புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் இடத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னால் வேனே வாய் பிளக்கும், பி.காம். வந்து புவியியல் முன்னால் கைகட்டி நிற்கும். போகும்போது இருட்டு, எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பரவாயில்லை, திரும்பும்போது வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மொத்தத்தையும் சேமித்து வைத்தேன்.

(இந்த இடத்திலேயே சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். பட்டதாரியான எனக்குப் புரியவில்லை.)

அருவியில் குளித்து, பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை கட்டி எல்லாம் தயார். அப்பா மதினியைப் பார்த்து, “மருமக எடுக்கட்டுமே. புதுசா வந்த புள்ள” என்றார்.

மதினியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. எனக்கு அது பெருமையாகத் தெரிந்தது. பொறாமைக்கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்.

“வீட்டுப் பொம்பளப் புள்ள நான் இருக்கேன்ல” என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. பிறந்த பெண்ணுக்கு உள்ள உரிமை, அத்தையும் பிறந்த பெண்தானே, நேற்று வந்தவர்களுக்கு அம்மனைத் தெரியுமா, அம்மனுக்கு அவர்களைத் தெரியுமா என்று ஈரச் சேலையோடு அருவிச் சத்தத்துக்கு மேல் ஒரு பிரசங்கம் செய்தேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “எடுத்துக்க. ஆனா ஊருக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. உன்னால ஆகுமாடி?”

“ஆகும்” என்றேன்.

குடம் என் கைக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்து, மதினியை ஒரு பார்வை பார்த்தேன். வேன் நகர்ந்தது. காலை வெயில் மலைமேல் விழுந்து, பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாக விரிந்தது. நான் சேமித்து வைத்திருந்த வெளிச்சம் வந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் புரிந்தது.

முதலில் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம். பந்தலில் கருங்கொத்துகள் தொங்கின. அண்ணன் இறங்கி ஒரு கூடை வாங்கி வந்தான். எல்லோரும் தின்றார்கள். எனக்கும் ஒன்றைப் பிய்த்து வாயருகே கொண்டுவந்தாள் அம்மா. “வாயத் தொறக்கக் கூடாதுன்னா தொறக்கக் கூடாதுதான்” என்று அத்தை தடுத்துவிட்டார். பேசுவதற்குத்தான் தடை, தின்பதற்கு இல்லை என்று சட்டத்தை விளக்க என்னிடம் நல்ல வாதம் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும்.

உத்தமபாளையம் பக்கம் ஆறு வந்தது. கரை ததும்ப ஓடுகிற முல்லையாறு. இரண்டு பக்கமும் தென்னை, நெல் வயல், வயலுக்கு மேல் கொக்கு. அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அசந்துபோனார். எங்கள் ஊரில் அம்புட்டுத் தண்ணீர் ஒரே இடத்தில் இருந்தால் அதற்குக் கோயில் கட்டியிருப்போம்.

“இது என்ன ஆறு?” என்றார். பழக்கத்தில் அவர் முகம் என் பக்கம்தான் வந்தது. குடத்தைப் பார்த்தது. அப்படியே மதினி பக்கம் திரும்பியது. “ஏத்தா, நீ சொல்லு. நீயும் படிச்சவதான.”

மதினி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். “வைகை, மாமா.”

எனக்குக் காது சுட்டது. முல்லையாற்றை வைகை என்கிறாள். கேரளாவுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்ட கதை, தேர்வில் நான் நான்கு பக்கம் எழுதிய கதை, இரண்டே சொல்லில் செத்துப்போனது. அப்பாவோ, “ஆத்தி, இதுதான் நம்ம மதுரைக்கு வர்ற வைகையா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேனில் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். டிரைவர்கூட ஒரு கையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு கையும் குடத்தில்.

சின்னமனூர் வந்தது. வலது பக்கம் மேகமலை. அடியில் நீலம், நடுவில் கரும்பச்சை, உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால், பேச முடியாததால்தான் அதை நான் அவ்வளவு நேரம் பார்த்தேன். பேச முடிந்திருந்தால் அதன் உயரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த மலைக்குப் போயிருப்பேன். மேகத்தின் நிழல் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு ஆட்டுமந்தை மாதிரி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு யார்மேலும் எதுவும் இல்லை.

“அந்த உச்சிதான் கொடைக்கானலா, ஏமலதா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமா அத்தை. ஸீனரி எப்படி இருக்கு பாருங்க.”

கொடைக்கானல் எதிர்த் திசையில் இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். முடிந்திருந்த கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மூக்கால் ‘ம்ம்ம்’ என்றேன். கண்ணை உருட்டி, தாடையால் வடக்கைக் காட்டினேன். குடம் ஆடித் தண்ணீர் தெறித்தது.

சின்னத்தாய் அத்தை எழுந்து நின்று குலவை போட்டார்.

“ஆத்தா வந்துட்டா” என்றார்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். அம்மா கைகூப்பினாள். அண்ணன் செருப்பைக் கழற்றினான். அத்தை மடியிலிருந்த திருநீறை என் நெற்றியில் அள்ளிப் பூசியதில் பாதி கண்ணுக்குள் போனது. கண் எரிய எரிய நான் இன்னும் ஆடினேன். இல்லை, சாமி இல்லை என்று ஆடினேன். அது அவர்களுக்கு இன்னும் பெரிய சாமியாகத் தெரிந்தது.

“என்ன குறை ஆத்தா? எதுக்கு இம்புட்டுக் கோவம்?” என்று அத்தை கேட்டார். பதில் இல்லை என்றதும் அவரே கண்டுபிடித்தார். “புது மருமக இன்னும் உன் கால்ல விழுகல. அதான. ஏத்தா, வந்து விழு.”

மதினி வேன் சீட்டுகளுக்கு நடுவே இருந்த இடுக்கில், பட்டுச் சேலை கசங்க, என் காலில் விழுந்தாள். அந்தக் கைக்கடிகாரம் என் கால் விரலில் உரசியது.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். (தவறுதான். திருத்தியிருக்கலாம். ஆனால் வந்து சேர்ந்த ஒரு நல்ல காரியத்தை எதற்காகக் கெடுப்பது?) சாமி சாந்தமாகிவிட்டது என்று அத்தை அறிவித்தார். வேன் கிளம்பியது. தேனி வரைக்கும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மேகமலை செய்ய முடியாததை மதினியின் நமஸ்காரம் செய்துவிட்டது.

அந்தக் குளுமை தேனி தாண்டியதும் தீர்ந்தது. குன்னூரில் பாலம் வந்தது. இதுதான் நிஜமான வைகை. “அப்ப இது என்ன ஆறு?” என்று அப்பா கேட்டார். மதினி கொஞ்சம் யோசித்து, “அதோட கிளை மாமா” என்றாள். வைகையை முல்லையாற்றின் கிளையாக்கிவிட்டாள். நான் குடத்தின் கழுத்தைப் பிடித்த பிடியில், அது பித்தளையாக இல்லாமல் மண்ணாக இருந்திருந்தால் பொடியாகியிருக்கும். ஆடவும் பயம், மறுபடி சாமி வந்துவிடும். பொங்கல் முடிந்ததும் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆண்டிபட்டி தாண்டினால் கணவாய், இறங்கினால் உசிலம்பட்டி, அப்புறம் நம் ஊர், கொட்டு, குலவை.

கணவாயில் ரேடியேட்டர் கொதித்து வண்டியை நிறுத்தினார் டிரைவர். எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் குடத்தோடு ஜன்னலோரம். அப்பா ரோட்டோரம் நின்று பின்னால் பார்த்தார். வந்த வழி முழுவதும் நீலமாக மலை, அதன்மேல் மேகம். அப்படியே திரும்பி முன்னால் பார்த்தார். கருவேலமும் செம்மண்ணும் வெயிலும், கண்ணுக்கெட்டின மட்டும். அந்த வெயிலுக்குள்தான் எங்கேயோ எங்கள் சோளக்காடு. மறுபடி பின்னால் பார்த்தார். மறுபடி முன்னால்.

“நான் சின்னப் புள்ளையில இருந்து இதை யோசிக்கிறேன்” என்றார். “அங்கன அம்புட்டு மேகம் வந்து நிக்கிது. நம்ம ஊரு இந்தா, கூப்பிடு தூரம். இங்கிட்டு ஏன் வரமாட்டேங்குது?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் புவியியலே படித்தேன் என்று அந்த நிமிஷம் தோன்றியது. பொம்பளப் பிள்ளைக்குக் காலேஜ் எதற்கு என்று ஊரே கேட்டபோது, பதில் சொல்லத் தெரியாமல் ‘படிக்கட்டும்’ என்று மட்டும் சொன்ன மனுஷன் கேட்கிறார். ஆனால் என்னிடம் கேட்கவில்லை. மதினியைப் பார்த்துக் கேட்கிறார்.

மதினியின் உதடு உலர்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் திராட்சை தின்றுகொண்டிருந்தான்.

“அது வந்து மாமா, கப்பலூர்ல கம்பெனி நெறைய வந்துருச்சுல்ல. அந்தப் புகை பட்டு மேகம் கலைஞ்சு போயிரும்.”

“அப்படியா?” என்றார் அப்பா. தலையை மெல்ல ஆட்டினார். வாழ்நாள் கேள்விக்கு விடை கிடைத்த முகம். “கப்பலூர்ப் புகையா. படிச்சவங்க சொன்னாத்தான தெரியுது.”

“கப்பலூரும் இல்ல, கத்தரிக்காயும் இல்லப்பா. அது மழை மறைவுப் பிரதேசம்.”

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

டிரைவர் கையில் தண்ணீர்க் கேனோடு அப்படியே நின்றார். அண்ணன் வாயில் திராட்சை பாதியில் நின்றது. அம்மாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. எப்படியாவது என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். “சாமிதான் பேசுது” என்று அத்தையின் கையைப் பிடித்தாள்.

நான் கொஞ்சம் ஆடியிருந்தால் போதும். அன்றைக்கு அம்மன் பெயரால் எதிலிருந்தும் தப்பித்திருக்கலாம். அத்தை என்னை உற்றுப் பார்த்தார்.

“சாமிக்கு எதுக்குடி பிரதேசம்? இது காலேஜ் பேசுது.”

அப்புறம் அவர் பேசியதை எழுத முடியாது. என் நாக்கின் நீளம், அதை வளர்த்தவர்கள், அதற்குச் சோறு போட்டவர்கள் எல்லோரையும் பற்றி விவரமாகப் பேசினார். ஊர் எல்லையில் கொட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். ஊரே கூடி நிற்கும். இங்கே குடத்தில் இருப்பது வெறும் தண்ணீர். நான் அழவில்லை. தலையைக் குனிந்து குடத்துக்குள் விழுந்துவிடலாமா என்று பார்த்தேன். வாய் சிறியதாக இருந்தது. குடத்தின் வாயைச் சொல்கிறேன்.

அப்பா ஜன்னலருகே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அப்படின்னா என்ன தாயி?” என்றார்.

“எது?”

“நீ சொன்னேல்ல. மறைவு.”

போனது போய்விட்டது. நான் குடத்தைத் தூக்கி ஜன்னல் சட்டத்தில் வைத்தேன். இதுதான் மலை என்றேன். அந்தப் பக்கம் அரபிக்கடல், அங்கிருந்து ஈரக்காற்று வருகிறது, மலையில் முட்டி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து சுமையை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது, உச்சி தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறுங்கைக் காற்று என்றேன். நாம் மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆட்கள், மழைக்கு நம்மைத் தெரியாது என்றேன். கம்பம்கூட மலைக்கு இந்தப் பக்கம்தான், அங்கே ஓடுவது மலையைக் குடைந்து திருப்பிய தண்ணீர், அது வைகை இல்லை, முல்லையாறு என்றேன். கொடைக்கானல் அங்கே இல்லை, இங்கே என்றேன். காலையிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது.

அப்பா குடத்தின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கன மட்டும் கொடஞ்சிருக்கான். இங்கிட்டும் ஒரு ஓட்டையப் போட்டிருக்கலாம்ல” என்றார். அப்புறம் அந்தத் தண்ணீரை வாங்கி ஒரு கருவேலங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, டிரைவரிடம் திரும்பினார். “வண்டியத் திருப்புங்கண்ணே. இவ சொல்லி முடிக்க எப்படியும் சுருளி வரைக்கும் தூரம் வேணும்.”

ஆண்டிபட்டியில் ஒரு பூத்திலிருந்து ஊர் மளிகைக் கடைக்கு போன் போட்டு, வர நேரமாகும் என்று அண்ணன் சொன்னான். ஏன் என்று கேட்டார்களாம். “தங்கச்சி பாடம் எடுத்துக்கிட்டு வருது” என்றானாம். நாங்கள் போய்ச் சேருமுன் அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திரும்பிப் போகும்போது மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீரபாண்டி தாண்டியதும், யாருக்கும் கேட்காமல், “செல்வி, எனக்கு ஸ்கூல்ல ஆறு, மலை எல்லாம் ஜஸ்ட் பாஸ்தான்” என்றாள். “மாமா கேக்கக் கேக்க, தெரியாதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு. படிச்ச பொண்ணுன்னுதான என்னை வீட்டுக்குள்ளயே விட்டீங்க. அருவியில அந்தக் குடத்த என்கிட்டக் குடுத்திருந்தா ஒரு பதிலும் சொல்லாம வந்திருப்பேன்.”

இத்தனை நாள் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். அதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை குடத்தை மதினி எடுத்தாள். நான் வாய் வலிக்க வலிக்க எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு வந்தேன். அப்பா மட்டும் கேட்டார், மற்றவர்கள் தூங்கினார்கள். அம்மா ஒரு தடவை விழித்து மதினியிடம் ஏதோ கேட்டாள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தாடையால் என்னைக் காட்டினாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் எல்லையில் கொட்டு முழங்கியது. குலவை போட்டார்கள். தலையில் குடத்தோடு, ஒரு சொட்டும் சிந்தாமல் மதினி நடந்தாள். “யாரு, முருகன் பொண்டாட்டியா? படிச்ச புள்ளையாம். என்னா அமைதி பாரு” என்று கூட்டத்தில் ஒரு கிழவி சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. நான் பின்னால் வந்தேன். தோளில் மதினியின் பை. கையில் அவள் செருப்பு.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். மழை மறைவுப் பிரதேசம் என்ற பாடத்துக்கு வருஷாவருஷம் வீட்டிலிருந்து குடம் எடுத்துப் போகிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. வீட்டில் நான் யாரையாவது திருத்த வாயெடுத்தால், அண்ணன் பிள்ளைகள் வரை கோரஸாகச் சொல்வது ஒன்றுதான்: “குடத்த இறக்கி வச்சிட்டுப் பேசு.”

அப்பாதான் இன்னும் பொல்லாதவர். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது என்று யாராவது வீட்டு வாசலில் நின்று புலம்பினால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அது மழை மறைவுப் பிரதேசம், நாமெல்லாம் மலைக்குப் பின்னாடி இருக்கிற ஆளுக என்று கடலிலிருந்து தொடங்கி, காற்றை ஏற்றி, சுமையை இறக்கி, ஒரு சொல் விடாமல் சொல்லி முடிப்பார். கேட்பவர் அசந்துபோய், இதெல்லாம் யார் சொன்னது என்பார்.

“எங்க மருமக சொன்னுச்சு” என்பார் அப்பா. சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார்.

மதினி சிரிப்பை அடக்கி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். நானும்தான், அதைச் சொன்னது நான் என்று சொல்லாமல். இந்த ஒரு குடத்தை மட்டும் என்னால் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை.